டச்பேடை முடக்க: எக்ஸ்இன்புட்டா, யூடெவ் விதியா?

ஆடி மாதத்துக் கோத்தகிரியில் ஸ்வெட்டர் இல்லாமல் தட்டச்சு செய்ய முடியாது. ஸ்வெட்டரின் கைப்பகுதி டச்பேடில் உரசினாலோ, கர்சர் வேறொரு பத்திக்குத் தாவி எழுதியதை எல்லாம் கலைத்துவிடுகிறது. மவுஸ் வைத்திருக்கும் எனக்கு டச்பேடே தேவையில்லை என்பதால் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அதை முடக்க எக்ஸ்இன்புட் கட்டளை, யூடெவ் விதி என்ற இரண்டு வழிகளையும் கையாண்டு பார்த்தேன். இப்போது யூடெவ் விதியின் பக்கம் நிற்கிறேன்.

விசைப்பலகை, மவுஸ் போன்ற சாதனங்களைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்இன்புட் கட்டளை எளிது. பட்டியலில் டச்பேடின் எண்ணைப் பார்த்து, முடக்கும் கட்டளையைக் கொடுத்தால் அந்த நொடியே அடங்கிவிடும். ஆனால் அந்த முடக்கம் அமர்விலிருந்து வெளியேறும் வரை அல்லது கணினி அணையும் வரைதான். காற்றும் மழையுமாக மரம் சாய்ந்து மின்சாரம் போகும் ஊரில், பேட்டரி தளர்ந்த என் பழைய மடிக்கணினி அணைந்து எழாத நாளே அரிது. ஆகவே ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் தானே ஓடும் தொடக்க நிரலில் கட்டளையை எழுதி வைத்தேன். அந்த எண்ணோ சாதனங்கள் இணையும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடியது. ஒரு காலை யுஎஸ்பி மவுஸைச் செருகியபடியே கணினியை இயக்கினேன், கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அடுத்த நொடியே செத்துப்போனது, டச்பேட் மட்டும் உற்சாகமாக இருந்தது! எண்ணுக்குப் பதில் சாதனத்தின் பெயரைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் இது எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்கான கட்டளை; அதன் இடத்துக்கு வந்த வேலண்டில் இது டச்பேடை எட்டுவதே இல்லை, உபுண்டு 21.04 முதல் வேலண்டே இயல்பிருப்பு, 25.10-இல் உபுண்டுவின் மேசைத்தளமான க்னோமின் எக்ஸ் அமர்வே நீக்கப்பட்டுவிட்டது.

யூடெவ் என்பது சாதனங்கள் இணையும்போது அவற்றைக் கையாளும் லினக்ஸின் பகுதி. அதன் விதி என்பது, டச்பேடின் பெயரைக் குறிப்பிட்டு, 'லிப்இன்புட் இக்னோர் டிவைஸ்' என்ற மாறிக்கு 1 என்று மதிப்புத் தரும் ஒற்றை வரிக் கோப்புதான். டச்பேட், மவுஸ் அசைவுகளைப் படிக்கும் நிரலான லிப்இன்புட் அந்தச் சாதனத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால் எக்ஸ், வேலண்ட், உள்நுழைவுத் திரை என எங்கும் முடக்கம் நிற்கிறது. எழுதியபின் இரண்டு முறை உபுண்டுவைத் தரமேற்றியும் அந்தக் கோப்பை நான் தொடவில்லை. பராமரிப்பு என்ற ஒன்றே இல்லாததுதான் என்னை இதன் பக்கம் சாய்த்தது. குறையும் உண்டு: மவுஸ் பழுதாகிவிட்டால் டச்பேடைச் சட்டென்று எழுப்ப வழியில்லை. அந்தக் கவலை உள்ளவர்களுக்கு, மவுஸ் செருகியிருக்கும்போது மட்டும் டச்பேடை அணைக்கும் க்னோம் அமைப்பே போதும்.

விசைப்பலகையின் மேலே இருக்கும் எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகளிலும் இதே கதைதான். முதலில் பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த விசைகளின் வேலையை மாற்றும் எஃப்என் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். என் தொல்லை, கை தவறி அழுத்தினால் வைஃபையைத் துண்டிக்கும் விசை. விசைகளின் வேலையை மாற்றும் எக்ஸ்மோட்மேப் கட்டளையால் செய்த மாற்றம், தமிழ்99-க்கும் ஆங்கிலத்துக்கும் மாறும்போது விசைப்பலகை அமைவு மறுபடி ஏற்றப்பட்டதால் அழிந்துபோனது. யூடெவின் வன்பொருள் தரவுக் கோப்பில், விசையை அழுத்தும்போது இவிடெஸ்ட் என்ற கருவி காட்டிய ஸ்கேன் எண்ணுக்கு எதிரே 'ரிசர்வ்ட்' என்று எழுதிய பிறகு அந்த விசை இன்றுவரை வாய் திறக்கவில்லை. விசைகளின் வேலையை மாற்றும் கீடி என்ற சேவையை ஒரு வாரமே ஓட்டிப் பார்த்தேன். ஒரே விசைக்கு இரண்டு வேலை தர வேண்டுமானால் அது வசதி என்று தோன்றியது, அதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழகவில்லை.