சொந்தமா செஸ் வேரியன்ட் உருவாக்கணுமா? ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் யூஸ் பண்ணிப் பாருங்க

செஸ் வேரியன்ட்னா காயையோ விதியையோ மாத்தி ஆடுற செஸ். அதுக்குப் புதுக் காய் ஒண்ணு யோசிக்கிறது ஈஸிங்க, அத யாரோட ஆடிப் பாக்குறதுங்கறதுதான் கஷ்டம், விதியே தெரியாத ஒருத்தர உக்கார வெச்சு இருபது கேம் ஆடச் சொல்ல முடியுமா. அந்தக் கவலைய எனக்கு தீத்து வெச்சது ஃபேரி ஸ்டாக்ஃபிஷ். ஸ்டாக்ஃபிஷ்ங்கற பிரபல செஸ் புரோகிராம்ல இருந்து பிரிஞ்சு வந்த இன்ஜின், அதாவது தானே யோசிச்சு ஆடுற புரோகிராம், ஓப்பன் சோர்ஸ், காசே கிடையாது. ஷோகிங்கற ஜப்பான் செஸ், சீன செஸ், முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்கா 1920கள்ல சொன்ன 10×8 போர்டு செஸ் எல்லாம் உள்ளயே இருக்கு, ஆனா நான் உருகுறது இன்னொண்ணுக்கு: நம்ம விதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிக் குடுத்தா போதும், அப்படியே எடுத்து ஆட ஆரம்பிச்சிடும்.

நான் குதிரைய தூக்கிட்டு அங்க ஒட்டகம் வெச்சேன். குதிரை ஒரு பக்கம் ரெண்டு கட்டம், குறுக்க ஒரு கட்டம்னு தாவும், இது மூணுக்கு ஒண்ணு. தைமூர் செஸ்ங்கற பழங்காலத்து ஆட்டத்துலயே இருந்த காய்தான் இது. நகர்வ, செஸ் வேரியன்ட் நிறைய உருவாக்குன ரால்ஃப் பெட்சாவோட குறியீட்டுல எழுதணும், ஒட்டகத்துக்கு இங்கிலீஷ் 'சி'ங்கற ஒரே எழுத்து, மத்த விதியெல்லாம் சாதா செஸ்ல இருந்து தானா வந்துரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா என்னவா மாறலாம்ங்கறத தனியா எழுதணும், நான் அத விட்டுட்டு ஒரு சாயங்காலம் பூரா ஏன் ஒட்டகமா மாற மாட்டேங்குதுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன்.

அப்புறம் இன்ஜின அதுகூடவே மோத விட்டு பாத்தேன். பி1 ஒட்டகம் சி4, அங்கிருந்து எஃப்5, ரெண்டே நகர்வுல ஈ8 ராஜாவுக்கு செக், நடுவுல எதையும் வெச்சு மறைக்க முடியாது, எனக்கு ஒரே குஷி. ஆனா ஜி8ல நிக்கிற கறுப்பு ஒட்டகம் ஒரே தாவுல வந்து அத வெட்டிடுச்சு. நிறைய கேம் பாத்தப்புறம்தான் பெரிய ஓட்டை கண்ணுல பட்டது: மூணும் ஒண்ணும் நாலு, இரட்டைப்படை, அதனால ஒட்டகம் எத்தன தடவ தாவுனாலும் கிளம்புன கலர்லயேதான் இறங்கும். என்னோட ரெண்டு ஒட்டகமும் வேற வேற கலர், ஒண்ணுக்கொண்ணு காவலே நிக்க முடியாது. எதிராளி ராஜா எதிர் கலர் கட்டத்துல நின்னுட்டா அந்த ஒட்டகத்தால ஒரு செக் கூட குடுக்க முடியல. பேப்பர்ல யோசிச்சப்ப இது எனக்கு தோணவே இல்ல.

சரின்னு 'சி' பக்கத்துல ஒரு 'டபிள்யூ' சேத்தேன், நேரா ஒரு கட்டம் நகரலாம்னு அர்த்தம். அவ்ளோதான், கலர் மாற ஆரம்பிச்சதும் கேமே வேற மாதிரி ஆயிடுச்சு, ஒட்டகம் கடைசி வரைக்கும் உசுரோட இருக்கு.

போர்டு காட்டுற சாஃப்ட்வேர் தனியா வேணும், இது வெறும் இன்ஜின்தான். ஃபைல்ல இல்லாத வினோத விதி வேணும்னா சி பிளஸ் பிளஸ் கோட்ல கைய வெக்கணும். போர்டு 12×10 வரைக்கும் போகும். நான் அடுத்து 10×8ல குதிரையையும் ஒட்டகத்தையும் சேத்து வெச்சு ஓட விட்டுருக்கேன், முதல் கேம் இப்ப நாப்பதாவது நகர்வுல நிக்குது.