அடித்தவனை எங்கே அனுப்புவது? ராமநாதபுரக் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நீளும் எங்கள் கரையில் கணவனிடம் அடிபட்ட பெண் முதலில் ஏறும் படி நீதிமன்றப் படியாக இருப்பது அரிது. ஊர்த் தலைவர், பங்குத்தந்தை, ஜமாஅத், அதற்கும் மேலே போனால் மகளிர் காவல் நிலையம் என்றுதான் அவள் வழி போகிறது. எங்கே போனாலும் முதலில் கிடைப்பது சமாதானம். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று அவன் எழுதிக் கொடுப்பான்; "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்று அவளுக்குச் சொல்வார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் தமிழ்நாட்டில் 38 விழுக்காடு என்கிறது. இத்தனை பேரின் கணவர்களையும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை என்பதால், அடித்தவனைத் திருத்துவதாகச் சொல்லும் முறைகளில் எது நம் கரைக்குப் பொருந்தும் என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடித்த ஆண்களை நீதிமன்றம் வகுப்புக்கு அனுப்பும் முறைகளில் உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்டது துலூத் முறை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள துலூத்தும் ஒரு துறைமுக ஊர்தான். 1980களின் தொடக்கத்தில் எல்லன் பென்ஸ், மைக்கேல் பேமர் முதலியோர் அங்கே உருவாக்கிய இம்முறை, அடியைக் கோபத்தின் வெடிப்பாகப் பார்ப்பதில்லை; மனைவியைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியாகப் பார்க்கிறது. அடிபட்ட பெண்கள் சொன்னவற்றைத் தொகுத்து 1984இல் ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். மிரட்டல், பணத்தைப் பிடுங்குதல், உறவினரிடமிருந்து பிரித்தல், பிள்ளைகளைக் காட்டிப் பணியவைத்தல் என எட்டு ஆரங்கள் அதில் உண்டு. கடல்பாசி எடுத்து விற்ற காசைக் கரையிலேயே கணவன் வாங்கிக்கொள்வதையும், கேட்காமல் நகையை அடகு வைப்பதையும், அம்மா வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்துவதையும் பார்த்த நம் பெண்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. கோபத்தை அடக்கக் கற்றுத்தரும் வகுப்புகளை நான் இந்த ஒப்பீட்டில் தனியாகச் சேர்க்காததற்கும் இதுவே காரணம். மீனுக்கு அடிமாட்டு விலை சொல்லும் வியாபாரியிடம் வாயைத் திறக்காமல் நிற்கத் தெரிந்தவனுக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

துலூத்தின் பலம் வகுப்பறையைவிட வெளியில்தான் அதிகம் இருந்தது. காவல் துறை, நீதிமன்றம், நன்னடத்தை அலுவலர், பெண்கள் காப்பகம் ஆகிய நால்வரும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டார்கள். வகுப்புக்கு வராதவன் மறுபடி நீதிபதி முன் நிற்க நேர்ந்தது. நகலெடுத்த ஊர்கள் பலவும் சக்கரத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பின்னலை விட்டுவிட்டன. இத்தகைய வகுப்புகளைப் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான பகுப்பாய்வு, கைதும் தண்டனையும் மட்டும் பெற்றவனோடு ஒப்பிட்டால் வகுப்புக்கும் போனவன் மறுபடி அடிக்காதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான் கூடுகிறது என்று கண்டது. மிகச் சிறிய பலன், ஆனால் பூச்சியம் அல்ல.

இதற்குப் போட்டியாக எழுந்தது அயோவா மாநிலத்தில் ஏமி சார்லிங் உருவாக்கிய 'ஆக்டிவ்' என்னும் 24 அமர்வு முறை. ஆணாதிக்க நம்பிக்கைகள் தவறு என்று அவனோடு வாதாடுவதற்குப் பதிலாக, தன் உள்ளத்தில் எழும் அவமானத்தையும் பயத்தையும் கவனித்து, அவற்றோடு இருந்தபடியே தான் மதிக்கும் ஒன்றை நோக்கி நடக்க இம்முறை பழக்குகிறது. 'நல்ல தகப்பன் என்று பெயரெடுக்க வேண்டும்' என்று சொல்பவனிடம், நேற்று இரவு மகள் எங்கே ஒளிந்திருந்தாள் என்று கேட்பது அதன் போக்கு. 3,474 ஆண்களைப் பற்றி 2017இல் வந்த ஆய்வில் இம்முறைக்குப் போனவர்கள் மீது பழைய வகுப்புகளுக்குப் போனவர்களைவிடக் குறைவான வழக்குகளே பதிவாகியிருந்தன. ஆனால் யார் எந்த வகுப்புக்குப் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்காத ஆய்வு அது. குலுக்கல் முறையில் பின்னர் நடந்த, 2022இல் வெளியான ஆய்வுதான் எனக்கு முக்கியம்: குடும்ப வன்முறை வழக்குகளின் எண்ணிக்கையில் இரு வகுப்பினருக்கும் வேறுபாடு தென்படவில்லை; பாதிக்கப்பட்ட பெண்களைக் கேட்டபோதோ, 'ஆக்டிவ்' முறைக்குப் போனவர்களிடமிருந்து வன்முறை குறைவு என்று சொன்னார்கள். காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போயிருக்கும்.

நம் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லும் மூன்றாவது வழி, குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடும் என்பது. பெண்களே அப்படித்தான் சொல்கிறார்கள்: "குடிக்காத நாளில் தங்கமான மனுஷன்." இந்த நம்பிக்கைக்கு கோவாவில் நடந்த ஆய்வு ஒரு தடை போடுகிறது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு, கேடு தரும் அளவில் குடித்த 377 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் மீண்டனர். மற்றவர்களில் 26 விழுக்காடு. ஆனால் மனைவி மீதான வன்முறையில் வேறுபாடு தெரியவில்லை. ஜாம்பியாவின் லுசாகாவில் 248 தம்பதியரிடம், கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே, குடியையும் மன வேதனையையும் வன்முறையையும் சேர்த்தே கையாண்ட ஒரு முறையிலோ குடியும் அடியும் இரண்டுமே குறைந்தன. ஆகவே டாஸ்மாக் பிரச்சினையைத் தொடாமல் இந்தக் கரையில் எந்த வகுப்பும் நடக்காது. அதை மட்டும் தொட்டு நிறுத்தினால் குடிக்காமல் அடிப்பவன்தான் மிஞ்சுவான்.

சமாதானத்தை ஒரு முறையாகவே நான் கணக்கில் கொள்வதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கணவனையோ மனைவியையோ தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அதிகாரம் தருகிறது. ஆனால் அதன் விதிகள், அடித்ததற்கு அவன் நியாயம் பேச ஆலோசனையில் இடமில்லை என்றும், அதை முன்கூட்டியே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் தெளிவாக வைத்திருக்கின்றன. ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் அரை மணி நேரம் முழுவதும் அவனுடைய நியாயம்தான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் "உனக்கு என்னம்மா குறை" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இனி, நடைமுறை. வாரம் ஒரு அமர்வு என்று 24 வாரம் ஓடும் வகுப்பு மாதச் சம்பளக்காரனுக்குச் சரி. படகு கரை திரும்பப் பிந்தினாலும், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போனாலும் வகுப்பு விட்டுப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கிறார்கள். வாரம் மூன்று அமர்வு வைத்தால் எட்டு வாரத்தில் 24 முடிந்துவிடும். கையில் காசில்லாமல் ஆண்கள் நாள் முழுக்க வீட்டில் கிடக்கும் காலமும் அதுவே என்பதால் தேவையும் அப்போதுதான் அதிகம். இப்படிச் சுருக்கினால் அதே பலன் வருமா என்பது சோதித்துத்தான் தெரிய வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லை என்பதால் அவர்களுக்கு வேறு கணக்கு.

நம் கரைக்கு எது என்று கேட்டால், வகுப்புக்குள் அயோவா முறையையும், வகுப்புக்கு வெளியே துலூத்தின் பின்னலையும், கூடவே குடிக்குத் தனிச் சிகிச்சையையும் வைப்பேன். பின்னலுக்கு வேண்டிய ஆட்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், மகளிர் காவல் நிலையம், நடுவர் என்று சட்டப்படியே இருக்கிறார்கள். இல்லாதது, வாரந்தோறும் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசும் ஒருவர். வருகைப் பதிவேட்டில் அவன் 24 கையெழுத்தும் போட்டிருக்கலாம். அவன் தேறினானா என்பதை அவள் சொல்லித்தான் எழுத வேண்டும். அவள் செல்பேசி அவன் கையில் இருக்கக்கூடும் என்பதால் அழைத்துக் கேட்பது ஆபத்து. சுயஉதவிக் குழுக் கூட்டத்திலோ, பாசி காயப்போடும் கரையிலோ, அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் போய்க் கேட்க வேண்டும். அந்தப் பெண் அவன் உறவுக்காரியாக இருக்கக் கூடாது.