சுவிஸ் மலைகளை நீங்களே சுற்றிப் பார்க்கலாம் என்று பக்கேஜ் விற்கிறார்கள், கவனம்!

முந்தநாள் விடியத்தான் ஆரையம்பதி வந்து சேர்ந்தோம். பெட்டிகூட இன்னும் பிரிக்கவில்லை. இதை எழுதாமல் எனக்குப் படுக்க முடியவில்லை.

3,84,000 ரூபா. நானும் கணவரும் சுவிஸில் மலைப்பக்கம் பார்ப்பதற்கென்று மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பயண முகவர் கடையில் கட்டிய காசு. முப்பத்திரண்டு வருசம் படிப்பித்து ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையில் எடுத்தது.

தம்பி அங்கே தூன் நகரத்தில் இருக்கிறான். உணவகத்தில் வேலை, லீவு கிடைக்காது. "அக்கா, இங்க நீங்களே ரயில் ஏறிப் போய்ப் பார்த்திட்டு வரலாம், ஒரு பயமும் இல்ல" என்றான். அது உண்மைதான். அவனிடமே டிக்கட்டும் எடுக்கச் சொல்லியிருக்கலாம். விசாவுக்கு, ஸ்பொன்சருக்கு என்று அலைந்தவனுக்கு இன்னும் செலவு வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கடைக்குள் போனதும் மேசையில் இருந்த பொடியன் எழும்பி நின்றான். "டீச்சர், என்னத் தெரியலையா? ஏழாம் வகுப்பில நீங்கதான் கணக்குப் படிப்பிச்சீங்க." தன் கதிரையை இழுத்து ஃபேனுக்குக் கீழே போட்டு இவரை இருத்தினான். தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பும்போது, "சேருக்குச் சீனி போடலாமா, கேட்டிட்டு எடு" என்று சொல்லி அனுப்பினான். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். இவருக்குச் சீனி வருத்தம் பதினொரு வருசமாக.

எட்டு நாள் சுவிஸ் ட்ரவல் பாஸ் இரண்டு பேருக்கு, யுங்ஃப்ரௌயோக் என்ற உயர மலை ஸ்டேசனுக்குப் போகிற டிக்கட், நடைப்பாதைகள் போட்ட புத்தகம், லெமினேட் பண்ணிய வரைபடம். "கைட் தேவையில்ல டீச்சர். இந்தத் தாளை மட்டும் காட்டுங்க, ரயில், பஸ், வாவியில ஓடுற கப்பல் எல்லாம் ஏறலாம்." பில்லைக் கையால் எழுதித் தந்தான். சீல் இல்லை. "சீல் மற்றக் கிளையில டீச்சர்" என்றான். எனக்கு அது உறுத்தியது. படிப்பித்த பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள். தூனில் ஏறி, ஸ்பீட்ஸ் தாண்டியதும் டிக்கட் பரிசோதிக்கிற பெண் வந்தாள். தாளில் இருந்த சதுர QR கோட்டில் மெசினை வைத்தாள். எடுக்கவில்லை. திரும்பவும் வைத்தாள். பாஸ்போட் கேட்டாள், பெயர்கள் சரி. பிறகு தாளின் அடியில், எறும்பளவு எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினாள். இது டிக்கட் இல்லை, முன்பதிவுக்கான விண்ணப்பம். பெட்டி முழுக்க எங்களைப் பார்த்தது. இவர் தன் பாஸ்போட்டை விரித்தபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார், மூடச் சொல்லியும் மூடவில்லை. அங்கேயே இரண்டு பேருக்கும் தண்டம் கட்டினோம். இரவு தம்பி அந்த QR கோட்டைப் போனில் பார்த்தான். அது திறந்தது அந்தக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை.

இதைவிட எனக்குப் பதறுவது அந்த வரைபடம். கிரின்டல்வால்ட் என்ற மலை ஊரிலிருந்து கேபிள் காரில் ஃபிர்ஸ்ட் என்ற மேல் ஸ்டேசன் வரை போய், அங்கிருந்து பக்கால்ப்சே ஏரிக்கு "இலகுவான நடை, செருப்போடு போகலாம்" என்று போட்டிருந்தார்கள். நாங்கள் போனது மே மாத நடுவில். கவுண்டரில் இருந்த பிள்ளை வரைபடத்தைப் பார்த்தாள், இவருடைய காலைப் பார்த்தாள், வேண்டாமென்று தலையாட்டினாள். மேலே பாதை இன்னும் பனிக்குள். ஃபிர்ஸ்ட் 2,168 மீற்றர் உயரம், நம்ம நுவரெலியாவைவிட மேலே. முழங்கால் ஒப்பரேசன் செய்த மனுசனைப் பனிச்சரிவுக்கு அனுப்ப எழுதிய தாள் அது! காசு போனதைப் பொறுப்பேன், இதைப் பொறுக்க மாட்டேன்.

யுங்ஃப்ரௌயோக் டிக்கட்டும் அதே கதை. உண்மையான பாஸ் வைத்திருந்தாலும் கிரின்டல்வால்ட், வெங்கன் வரைக்கும்தான் அது செல்லும், அதற்கு மேலே டிக்கட்டில் விலைக்கழிவு மட்டுமாம். "எல்லாம் இதுக்குள்ள" என்று விற்றது முதலிலிருந்தே பொய். 3,454 மீற்றரில் இருக்கிற ஸ்டேசனைப் பார்க்காமலே திரும்பினோம்.

காசில்லாமல் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. லவுட்டர்புருன்னனில் இருந்து ஸ்டெக்கல்பேர்க் வரை பள்ளத்தாக்குக்குள் சமதரை நடை. 297 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற ஸ்டௌப்பாக் அருவியின் தூவல் முகத்தில் அடித்தது. சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை, ஊர்ப்பெயரும் நடக்கிற நேரமும் போட்டு. மஞ்சள் அடையாளம் என்றால் சாதாரணப் பாதை, வெள்ளை சிவப்பு வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல சப்பாத்து வேணும். நாடு முழுக்க 65,000 கிலோமீற்றருக்கு இப்படி அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு சதமும் கேட்காமல். பாதைப் புத்தகத்துக்கென்று என் பில்லில் தனியாக 45,000 ரூபா!

அங்கிருந்து அந்தப் பொடியனுக்குப் போன் எடுத்தேன். "சிஸ்டத்தில பார்க்கிறன் டீச்சர்." அடுத்த நாள், "கொழும்பு ஒபிசில பிழை விட்டுட்டாங்க." அதற்கடுத்து வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும். பிறகு அதுவும் இல்லை. நேற்றுக் கல்லடிப் பாலம் தாண்டி நேரே கடைக்குப் போனேன். ஒரு பிள்ளை மட்டும் இருந்தாள். முதலாளி அக்கரைப்பற்றுக்குப் போயிட்டாராம். அவள் கொடுத்த போனில் அந்தப் பொடியன் சொன்னது இது: "உங்கட தம்பி அங்கதானே இருக்கார், அவரிட்ட ஒருக்காக் கேட்டுப் பார்த்திருக்கலாமே." தேத்தண்ணி தந்த அதே வாய். 3,84,000 ரூபாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸ் ட்ரவல் பாஸை அங்கே பெரிய ஸ்டேசன்களிலேயே பாஸ்போட்டைக் காட்டி வாங்கலாம், இங்கே ஒருவரிடமும் காசு கட்டாதீர்கள். கட்டத்தான் வேண்டுமென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த கடையா என்று கேளுங்கள், சீல் இல்லாத பில் வாங்காதீர்கள். தாள் வந்த அன்றே அங்குள்ள உறவுக்குப் படம் எடுத்து அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மே மாதம் உயரப் பாதைக்குப் போக வேண்டாம்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்குச் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் பொலிசுக்குப் போகிறேன். இதே மாதிரித் தாள் வாங்கியவர்கள் யாரும் இருந்தால் பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. அடுத்த மாதம் போக இருப்பவர்கள் உங்கட தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்க.