நாலு வருஷம் கழித்து: பழைய பிக்கப்புக்கு அடித்த மேட் பெயிண்ட்

போன வாரம் டிரைவர் பக்கக் கதவின் கீழ் விளிம்பில் துரு தின்ற இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த உள்ளங்கை அகலத்துக்காகக் கதவு முழுவதையும் தேய்த்து மறுபடி ஸ்ப்ரே அடிக்க வேண்டியதாயிற்று. காய்ந்த கதவைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நண்பரிடமிருந்து போன். அவரும் ஒரு பழைய லாரி வாங்கியிருக்கிறார். "பளபளக்காத மேட் அடிக்கட்டுமா, பளபளக்கும் கிளாஸி அடிக்கட்டுமா? உங்களுடையது மேட்தானே, எப்படி இருக்கிறது?" என்றார். நான் சொன்ன பதிலில் சூடு கூடிவிட்டது. நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வண்டி 26 வருஷத்துப் பிக்கப். டிங்கரிங், பள்ளம் நிரப்பும் பட்டி, அடிப்பூச்சாக எபாக்ஸி பிரைமர், மேலே கரும்பச்சை, அதற்கும் மேலே நிறமில்லாத காப்புப் பூச்சாக 2கே மேட் கிளியர் (2கே என்றால் இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிப்பது). எல்லாமே ஸ்ப்ரே கேன், கம்ப்ரசரும் கன்னும் இல்லை. கேபின் கூரை மட்டும் வெள்ளை. வெயிலில் உள்ளே சூடு குறையட்டும் என்று சாதாரண கிளாஸி எனாமல் கேன் அடித்தேன், கிளியர் போடவில்லை. ஆக, ஒரே வண்டியில் இரண்டு ஃபினிஷும் நாலு வருஷமாக ஒரே வெயிலையும் ஒரே மழையையும் பார்த்திருக்கின்றன.

மேட் பக்கம் நான் போனதற்குக் காரணம் லோடு பாடியின் பக்கத் தகடுகள். வருஷக்கணக்கில் உள்ளிருந்து இடிபட்டு அலையலையாக இருந்தன. பட்டி பார்த்து, நீளக் கட்டையில் 80ஆம் நம்பர் எமரி ஷீட்டைச் சுற்றித் தேய்த்து, பிறகு 180, 320 என்று போய், கையால் தடவினால் ஒன்றும் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தேன். பிரைமர் காய்ந்ததும் தகட்டின் மேல் தண்ணீரை ஊற்றி, ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தேன். நனைந்த தகடு அந்த ஓரிரு நிமிஷத்துக்குக் கிளாஸி அடித்த தகடு போலவே இருக்கும். எதிர்ச்சுவரின் விளிம்பு அதில் நேர்கோடாக விழாமல் பாம்பாக நெளிந்தது. கை ஏமாந்த இடத்தில் கண் பிடித்துவிட்டது. எந்த ஃபினிஷ் என்று குழம்புகிறவர்கள் பெயிண்ட் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர்தான் செலவு.

கிளாஸியின் மேற்பரப்பு வழுவழுப்பு. விழும் ஒளி சிதறாமல் ஒரே பக்கம் திரும்பும், பிம்பம் விழும். பிம்பம் விழுந்தால் தகட்டின் நெளிவும் கூடவே தெரியும். மேட் கிளியரில் நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் கலந்திருப்பார்கள். காயும்போது அவை மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கிவிடும், ஒளி நாலா பக்கமும் சிதறிவிடும். பிம்பமே இல்லாதபோது நெளிவு எதில் தெரியும்? பளபளப்பை அளக்கும் மீட்டரை 60 டிகிரி கோணத்தில் வைத்து அளந்தால் மேட் ஏறக்குறைய 10 யூனிட்டுக்குள் நிற்கும், நல்ல கிளாஸி 70-ஐத் தாண்டும்.

நெளிவை மறைக்கும் வேலையை மேட் குறையில்லாமல் செய்தது. இதை முழு மனதோடு சொல்கிறேன். சூரியன் இறங்கிய பிறகு, வெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் என் வண்டியைப் பார்க்க வேண்டும். இடிபட்ட தகடு என்று யாரும் சொல்ல முடியாது. பச்சை நிறம் ஆழமாக, கல்லில் செதுக்கியது போல இருக்கும். எத்தனையோ நாள் வண்டியை நிறுத்திவிட்டு உடனே வீட்டுக்குள் போகாமல் நின்று பார்த்திருக்கிறேன்.

இனி என் எரிச்சல். டிரைவர் பக்கக் கதவைத் திறக்க நாலு விரல் கைப்பிடிக்குள் போகும்போது, கட்டைவிரல் வெளியே தகட்டில் ஊன்றும். ஆறாவது மாதம் அந்த இடத்தில் ஒரு பளபளப்பைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துச் சோப்பு நீரில் கழுவினேன். கழுவக் கழுவ இன்னும் தெளிவாகத் தெரிந்தது. விரல் பட்டுப் பட்டு அந்தச் சொரசொரப்பு மழுங்கி, தகடு அங்கே மட்டும் கிளாஸியாகிக்கொண்டிருந்தது. பிறகு முழங்கை வைக்கும் ஜன்னல் விளிம்பு. பிறகு சாமான் ஏற்றும்போது சட்டை உரசுகிற லோடு பாடியின் மேல் ஓரம். மூன்றாவது வருஷத்தில், இந்த வண்டியை நான் எங்கெங்கே தொடுகிறேன் என்பதை முன்பின் தெரியாத ஆள்கூடச் சொல்லிவிடலாம் என்ற நிலை.

கிளாஸியில் தேய்ந்த இடம் மங்கும். காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போட்டால் பளபளப்பு திரும்பிவிடும். மேட்டில் தேய்ந்த இடம் பளபளக்கும், அதை மறுபடி மங்கவைக்க வழி கிடையாது. நார்ப்பட்டையால் லேசாக உரசிப் பார்த்தேன். மேட் வரவில்லை, கீறல்தான் வந்தது. வாக்ஸ் ஆகாது, பாலிஷ் ஆகாது, பிரஷ் சுழலும் வாஷிங் இயந்திரத்துக்குள் விடவும் கூடாது. பறவை எச்சம் காய்ந்துவிட்டால் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து ஒற்றி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் அங்கே இன்னொரு பளபளப்பு. சுமை ஏற்றுகிற வண்டிக்கு இத்தனை பத்தியமா என்று பல தடவை கோபம் வந்திருக்கிறது.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் மூடியைச் சுற்றி நாலு வருஷமாகப் பெட்ரோல் வழிந்தும் கிளியர் இளகவில்லை. அது மேட்டின் பெருமை இல்லை, 2கேயின் பெருமை. முதலில் அந்த மூடிக்கு மட்டும் ஹார்ட்னர் இல்லாத 1கே அக்ரிலிக் கிளியர் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது முறை பெட்ரோல் சிந்தியபோதே இளகி, விரல் ரேகை அதில் பதிந்தது. 2கே கேனில் ஹார்ட்னர் தனியாக உள்ளே அடைத்திருக்கும். அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் கலக்கும், கலந்த பிறகு ஓரிரு நாளுக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே இறுகிவிடும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அதன் பிறகு மிகச் சிறிய அளவுகூடத் தாக்கும். தூசிக்குப் போடும் முகக்கவசம் இதற்குப் போதவே போதாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே ஊட்டும் கவசத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் நான் அடித்தேன். அது கிடைக்காதவர்கள் 2கே வேலையைப் பெயிண்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸியாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் கிளியர் அடித்து, விளிம்பை 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் நீவி, காம்பவுண்ட் போட்டு மறைத்திருக்கலாம். நல்ல கை என்றால் சேர்ந்த இடம் தெரியாது. மேட்டில் நீவினால் நீவிய இடம் பளபளக்கும். அதனால் தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழுதாக அடித்தே ஆக வேண்டும், அடித்ததைத் திருத்தவும் முடியாது. தூசி விழுந்தாலும் சரி, வழிந்தாலும் சரி, முதலிலிருந்துதான்.

நான் அடித்ததில் வழியவில்லை, தூசியும் இல்லை. 25 செமீ தூரம், பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி ஒவ்வொரு வீச்சு, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் பத்து நிமிஷம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். மேட்டுக்கான துகள் அடியில் படிந்துவிடும், கலங்காமல் அடித்தால் பளபளப்பு கூடிவிடும் என்பதால் கேனைக் கை வலிக்கக் குலுக்கினேன். அப்படியும் புதுக் கதவு பக்கத்திலிருக்கும் லோடு பாடியோடு சேரவில்லை. நிறம் அதேதான், மேட்டின் அளவுதான் வேறு. கதவு புதுசாக வறண்ட மேட், பாடி நாலு வருஷம் கழுவிக் கழுவிக் கொஞ்சம் மினுமினுப்பு ஏறிய மேட். நேர் வெயிலில் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. நண்பர் போன் செய்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கோட்டைத்தான்.

கூரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. அதற்கு நான் அக்கறையே காட்டவில்லை. ஒன்றரை வருஷத்தில் வெயிலில் வெளுத்து, தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. போன மாதம் ஏணி போட்டு ஏறி ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தேன். துணியெல்லாம் வெள்ளை. கிளியர் இல்லாததால் நிறமே கொஞ்சம் கரைந்து வருகிறது, அவ்வளவுதான். ஒரு மத்தியான வேலையில் கூரை ஈரம் மாதிரி மின்னியது. இப்போது மேகம் அதில் தெரிகிறது. அடிக்கும்போது ஆரஞ்சுத் தோல் மாதிரி விழுந்திருந்த இடங்களைக்கூட 1500ஆம் நம்பர் பேப்பரில் நீவிச் சரிசெய்ய முடிந்தது. கேன் பூச்சின் கனம் அதிகமில்லை, வருஷாவருஷம் இப்படித் தேய்த்தால் பிரைமர் வந்துவிடும். ஆனாலும் தப்பு செய்தால் திருத்த இடம் கொடுக்கிற ஃபினிஷ் அது.

மேட்டுக்கும் கிளாஸிக்கும் நடுவில், பாதிப் பளபளப்பாகச் சாட்டின் இருக்கிறதே என்று கேட்பார்கள். நெளிவை ஓரளவு மறைக்கும், கழுவவும் எளிது. ஆனால் தேய்ந்த இடத்தைத் திருத்த முடியாத சங்கடம் அதிலும் உண்டு.

மேட்டால் என் வண்டி அழகானது. நெளிந்த தகட்டைப் பத்து மடங்கு வேலை செய்து நேராக்கும் பொறுமையோ திறமையோ என்னிடம் இல்லை, அதை மேட் ஈடுகட்டியது. கணக்குப் போட்டால் மேட்தான் ஜெயிக்கும். அப்படியிருந்தும் நண்பரிடம் கிளாஸி அடியுங்கள் என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தகடு நெளிந்தால் நெளிந்துவிட்டுப் போகட்டும். உழைக்கிற வண்டிக்கு அடிபடும், அடிபட்ட இடத்தை மட்டும் தொட்டுத் திருத்துகிற உரிமை சொந்தக்காரனுக்கு வேண்டும்.

அவருக்கு மனசு இன்னும் மேட்டில்தான் இருக்கிறது. நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். பொழுது சாய்ந்து வந்தால் வண்டி அவரை மயக்கிவிடும், எனக்குத் தெரியும். மத்தியானம் 12 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புதுக் கதவும் பழைய பாடியும் சேருகிற இடத்தில் நிற்கவைத்துக் காட்டப் போகிறேன்.