ஸ்லீப்பர் ஆப்: பென்ச்சில் இருக்கும் பையனையும் விடாமல் வைத்துக்கொள்ளலாம்

ஃபேன்டஸி ஆட்டம் என்றாலே நம் ஊரில் கிரிக்கெட்டும் பணமும்தான் ஞாபகத்துக்கு வரும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் வந்த பிறகு, எங்கள் ஆபீஸில் பலர் அந்த ஆப்களை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு வகை. ஸ்லீப்பர் என்று ஒரு அமெரிக்க ஆப். நண்பர்கள் சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு லீக் போட்டு, நிஜ வீரர்களை ஆளுக்கொரு டீமாகப் பிரித்து எடுத்து, அவர்கள் மேட்ச்சில் ஆடுவதற்கேற்பப் புள்ளி வாங்கி, சீசன் முழுக்க ஆடலாம். அதற்குக் காசு கிடையாது. பணம் வைத்து ஆடும் பகுதி ஒன்றும் அதில் இருக்கிறது. அது அமெரிக்காவின் சில மாநிலங்களுக்குத்தான், நமக்குத் தேவையில்லை.

நான் பெரம்பூர். மெடிக்கல் பில்லிங்கில் ஏஆர் காலர் வேலை, அதாவது அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டு பில் பாக்கியைக் கேட்பது, நைட் ஷிஃப்ட். அமெரிக்காக்காரர்களோடு ராத்திரியெல்லாம் பேசினால் திங்கள்கிழமை முழுக்க முந்தின நாள் மேட்ச் பேச்சுதான் காதில் விழும். அப்படி ஒட்டிக்கொண்டது இந்த ஆட்டம். எங்கள் லீக்கில் ஆபீஸ் ஆட்களும் இருக்கிறார்கள், வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் என்னோடு ஆடும் பசங்களும் இருக்கிறார்கள். நம் ஃபுட்பால் வேறு, அது வேறு. ஆனால் பென்ச் என்றால் என்ன என்று கிரவுண்டுப் பசங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஆப்பில் எனக்குப் பிடித்ததே பென்ச்சில் இருப்பவனுக்கு அது கொடுக்கும் இடம்தான்.

ரன்னிங் பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் ஆள் சுவரைப் பிளந்து ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் நூறு கிலோவுக்கு மேலிருக்கும் ஆட்கள் வந்து மோதுவார்கள். அதனால் அடிபடுவதும் அதிகம், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிலேயே பலருக்கு வேகம் குறைந்துவிடுகிறது. முதல் ஆள் கீழே விழுந்தால் அவருடைய ஓட்டங்களில் பெரும்பகுதி அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஃபேன்டஸியில் பத்து யார்டு (ஒரு யார்டு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு) ஓடினால் ஒரு புள்ளி, பந்தோடு எதிராளியின் எல்லைக்குள் போகும் டச்டவுனுக்கு ஆறு. சனிக்கிழமைவரை ஒன்றுமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமை நம் டீமையே தூக்கி நிறுத்துவது இந்த இடத்தில்தான் நடக்கும்.

நான் வைத்திருக்கும் பையன் பிரேலன் ஆலன். நியூயார்க் ஜெட்ஸ். 2004 ஜனவரியில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆட ஆரம்பித்தபோது வயது 17, அந்த முதல் வருஷமே 1,268 யார்டு ஓடினார். எடை 106 கிலோ அளவில். டீம்கள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பதை டிராஃப்ட் என்பார்கள்; 2024 டிராஃப்ட்டில் நான்காவது சுற்றில், 134ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் அங்கே பிரீஸ் ஹால் இருந்தார். நல்ல ஓட்டக்காரர், பந்தைப் பிடிப்பதிலும் கெட்டி. அதனால் ஆலனுக்கு மிச்சம்தான்.

எங்கள் லீக்கிலும் அதே மாதிரி டிராஃப்ட் உண்டு. அதில் கடைசிச் சுற்றில் அவரை எடுத்தபோது கிரவுண்டுத் தம்பி ஒருவன் சாட்டில் கேட்டான்: "இன்னாண்ணா, ஆட வுடாத ஆள எடுத்து இன்னா பண்ணப் போற?"

"வெயிட் பண்ணப் போறேன் பா" என்றேன்.

அந்த வருஷம் இரண்டாவது வாரம், செப்டம்பர் 15, டென்னசி டைட்டன்ஸோடு மேட்ச். நமக்கு ஞாயிறு ராத்திரி பத்தரை மணி. முதல் பாதியில் ஜெட்ஸின் அப்போதைய குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசுபவர், ஆரோன் ராட்ஜர்ஸ் கொடுத்த சின்ன பாஸைப் பிடித்து ஆலன் டச்டவுன் போட்டார். அப்புறம் கடைசிக் கால் பகுதியில் ஸ்கோர் 17-17. பந்து ஆலனிடம். நடுவில் ஒரு சந்து திறந்தது, உள்ளே புகுந்து இருபது யார்டு ஓடி டச்டவுன். மேட்ச்சை 24-17 என்று ஜெட்ஸ் ஜெயித்தது அந்த ஓட்டத்தில்தான். ஒரே மேட்ச்சில் இரண்டு டச்டவுன் போட்டவர்களில் அவ்வளவு சின்ன வயதுக்காரர் அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் அதற்கு முன் யாருமில்லை. மொட்டை மாடியில் ஃபோனை வைத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு? மறுபடி பென்ச். அந்த சீசன் முழுக்க 92 ஓட்டம், 334 யார்டு. ஓட்டத்துக்கு நான்கு யார்டுகூட வரவில்லை, அதைப் பார்த்துப் பலர் கைவிட்டிருப்பார்கள். 2025இல் மியாமியோடு ஆடிய மேட்ச்சில் முழங்காலில் அடி.

அவருக்கு ஒன்பது இடம் முன்னால், அதே நான்காவது சுற்றில் போனவர் பக்கி ஆர்விங். அவரும் டாம்பா பேயில் ரஷாத் ஒயிட்டுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாகத்தான் தொடங்கினார். அந்த சீசன் முடியும்போது 1,122 யார்டு. ஒரே டிராஃப்ட், ஒரே சுற்று. திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், முன்னால் நிற்பவர் யார் என்பது பாதிக் கணக்கு. இன்னொரு விஷயத்தைப் புதிதாக ஆடுபவர்கள் கவனிப்பதே இல்லை. பந்து கையில் இல்லாதபோது ரன்னிங் பேக் தன் குவாட்டர்பேக்கைக் காக்க வேண்டும். பாய்ந்து வருபவன் எந்தப் பக்கம் வருவான் என்று கண் இமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்து மறிக்க வேண்டும். பத்து யார்டு முன்னேற ஒரு டீமுக்கு நான்கு முயற்சி; மூன்றாவதில்தான் பெரும்பாலும் பாஸ் போடுவார்கள். இதில் கை தேறாத சின்னப் பையனை அந்த மூன்றாவது முயற்சியில் எந்த கோச்சும் துணிந்து இறக்க மாட்டார். பேக்கப்பின், அதாவது இரண்டாவது ஆளின், எதிர்காலம் தெரிய வேண்டுமானால் யார்டை மட்டும் பார்க்காதீர்கள்; மூன்றாவது முயற்சியில் களத்தில் நிற்கிறாரா என்று பாருங்கள்.

சரி, ஆப்புக்கு வருகிறேன். ஒரு சீசனோடு முடியும் லீக்கில் ஆலன் மாதிரி ஆளை வைத்துக்கொள்வது கஷ்டம். பென்ச் இடம் ஐந்தோ ஆறோ, ஒவ்வொரு வாரமும் யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும். பிரீஸ் ஹாலை எடுத்தவருக்குத்தான் ஆலன் அங்கே பிரயோஜனம், முதல் ஆள் விழுந்தால் கைகொடுக்க. ஸ்லீப்பரில் டைனஸ்டி லீக் போட்டால் வீரர்கள் அடுத்த வருஷமும் நம்மிடமே இருப்பார்கள். அதில் டாக்ஸி ஸ்குவாட் என்று தனி வரிசை. புதுப் பையன்களை அங்கே உட்கார வைக்கலாம், முக்கிய டீமின் இடத்தைப் பிடிக்க மாட்டார்கள். எத்தனை இடம், எத்தனை வருஷம்வரை என்பதை லீக் நடத்துபவர் முடிவு செய்யலாம். அடிபட்டவருக்குத் தனி இடம் வேறு. ஆலனை நான் அங்கே போட்டேன். இந்த வசதி இல்லாமல் இருந்திருந்தால் அவரை என்றைக்கோ விட்டிருக்க வேண்டும்.

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இன்னொரு நன்மை, டிராஃப்ட்டை மெதுவாக நடத்தலாம். ஒருவர் எடுக்க மணிக்கணக்கில் நேரம் வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது நாள்கணக்கில் ஓடியது. டீ பிரேக்கில் ஒருவர், கேபில் வரும்போது ஒருவர், மூலக்கொத்தளத்தில் மீன் வாங்க நிற்கும்போது ஒருவர் என்று எடுத்தோம். சாட், டிராஃப்ட் பலகை, ஸ்கோர் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் தனி வாட்ஸ்அப் குரூப்பே வேண்டியிருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வாரத்துக்கு வாரம் ஆப் காட்டும் புள்ளிக் கணிப்பை நம்பி பேக்கப்பை எடைபோட முடியாது. முதல் ஆள் ஆடுவார் என்று வைத்துத்தான் கணிப்பு. அவர் இறங்க மாட்டார் என்ற செய்தி வந்த பிறகுதான் எண் ஏறும், அதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். தமிழும் இல்லை. ஆட்டமே தெரியாதவருக்கு இந்த ஆப்பை மட்டும் கொடுத்தால் ஒன்றும் புரியாது, யாராவது கூட உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். எங்கள் தம்பிக்கு நான் சொல்லித்தந்தேன். இப்போது அவன் டாக்ஸி வரிசையில் இருப்பவர்களை யார் பேரம் கேட்டாலும் தருவதில்லை.

ஆலனைப் பற்றிக் கேட்டால்: அந்த உடம்பும் அந்த வயதும் சேர்ந்து கிடைப்பது அரிது. ஹால் இருக்கும்வரை வாரா வாரம் இறக்க முடியாது, ஆனால் விடவும் மாட்டேன். டைனஸ்டியில் மட்டும் எடுங்கள், அதுவும் கடைசிச் சுற்று விலைக்கு.

லீக் போடுவதாக இருந்தால் பன்னிரண்டு பேர் சேருங்கள், பாஸ் பிடித்தால் அரைப் புள்ளி வையுங்கள், டாக்ஸியில் மூன்று இடமாவது விடுங்கள். டிராஃப்ட்டை ஆகஸ்டு கடைசிக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு டீமும் ஆட்களைக் கழித்து 53 பேர் பட்டியல் போடுவது அப்போதுதான். யாருக்குப் பின்னால் யார் என்பது அதில் தெரிந்துவிடும்.