பச்சை மனிதன் பிளஸ்: இலவசம், ஆனால் வலப்பக்கம் திரும்பும் கார்கள்மேல் ஒரு கண் இருக்கட்டும்

மூத்தோருக்கென்று வரும் வசதிகளில் பாதி, படிவம் நிரப்பியே நம்மைக் களைப்பாக்கிவிடும். சிங்கப்பூரில் மூத்தோர் சாலை கடக்கக் கூடுதல் நேரம் தரும் இந்தப் பச்சை மனிதன் பிளஸ் திட்டத்துக்குப் படிவமே இல்லை. பேருந்துக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் தட்டும் அதே மூத்தோர் சலுகை அட்டை போதும், காசும் கழியாது. சாலை கடக்கும் இடத்தில், பொத்தானுக்கு மேலே உள்ள பெட்டியில் அட்டையை வைத்தால், நடப்பவருக்கான விளக்கில் பச்சை மனிதன் கூடுதலாக 3 முதல் 13 விநாடி வரை நிற்பார். சாலை எவ்வளவு அகலமோ அதற்கேற்ற நேரம். 2009இல் வந்த திட்டம் இது. இன்னும் பலர் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு, பாதிச் சாலையில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள்.

மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். தோ பாயோவில் சந்தைக்குப் போகும் வழியில் அகலமான சாலை ஒன்று. முன்பெல்லாம் நடுத்திட்டைத் தாண்டுவதற்குள் பச்சை மினுக்கத் தொடங்கிவிடும். அவர் பதறுவார், நான் அவரைவிட அதிகமாகப் பதறுவேன். இப்போது கறிவேப்பிலை விலையைப் பேசிக்கொண்டே மறுபக்கம் போய்விடுகிறோம்.

குறை? அட்டை நேரத்தைத்தான் தரும், காரை நிறுத்தாது. வலப்பக்கம் திரும்பத் தனி அம்பு விளக்கு இல்லாத சந்திப்பில், நமக்கும் திரும்பும் கார்களுக்கும் ஒரே சமயத்தில் பச்சை விழும். நடப்பவருக்கு வழிவிட வேண்டியது ஓட்டுநர்தான். சட்டம் அப்படி. ஆனால் சிலர் நம் முழங்கால் வரை ஊர்ந்து வந்து நிற்பார்கள், ஏதோ நாம்தான் அவர்கள் வீட்டு வாசலை மறித்த மாதிரி! சிவப்பு அம்பு வைத்த சந்திப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா இடத்திலும் வைத்தால் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன், இப்போதைக்கு நான்கு.

இன்னொன்று, பெட்டி எல்லாக் கடப்பிடத்திலும் இருக்காது. பெட்டி இல்லையே என்று, தோன்றிய இடத்தில் சாலைக்குக் குறுக்கே இறங்கிவிடாதீர்கள். கடப்பிடத்திலிருந்து 50 மீட்டருக்குள் அப்படிக் கடப்பது குற்றம். அட்டையைக் கைப்பைக்குள் தேடுவதைவிடக் கழுத்தில் மாட்டிக்கொள்வது சௌகரியம். ஏற்கெனவே பச்சை மினுக்கிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு இறங்க வேண்டாம், அட்டையைத் தட்டிவிட்டு அடுத்த பச்சை வரும்வரை ஓரமாக நில்லுங்கள்.