அப்ரண்டிஸ் என்று சொல்லிப் பெட்டி தூக்க வைத்தார்கள்: ஐடிஐ முடித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி மாவட்டம் மானூர், அழகியபாண்டியபுரம் பக்கத்து ஆட்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். என் தம்பியின் எட்டு மாதம் போய்விட்டது, இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

தம்பி ஐடிஐ-யில் (தொழிற்பயிற்சி நிலையம்) பிட்டர், அதாவது இரும்புப் பாகங்களை அளந்து ராவிப் பொருத்தும் தொழில், முடித்தவன். போன ஆடியில் ஊர் டீக்கடையில் ஒருத்தர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். அரசு பயிற்சி, ஒரு வருஷம், மாசாமாசம் பணம், முடித்தால் கவர்மெண்ட் சான்றிதழ். திட்டம் என்னவோ உண்மைதான், அதனால்தான் ஏமாந்தோம். 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்துவிட்டது, பழகுநர் என்றால் அப்ரண்டிஸ்தான். 2016-ல் கொண்டுவந்த ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசே ஏற்கிறது. இதையெல்லாம் அந்த ஆள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் சரியாகவே சொன்னார். அப்புறம், "யம்மா, யூனிஃபார்ம், ஷூ, பதிவு எல்லாம் சேர்த்து 3,500 ரூபாதான்" என்றார். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

நான்குவழிச் சாலையோரம் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். முதல் நாளே கையில் டேப் உருளையும் தள்ளுவண்டியும் கொடுத்தார்கள். பெட்டியை ஒட்டு, அடுக்கு, லாரியில் ஏற்று, அவ்வளவுதான் பயிற்சி. பன்னிரண்டு மணி நேரம், பாதி நாள் ராத்திரி ஷிப்ட். ஐடிஐ-யில் அவன் அரத்தால் ராவிச் செய்த ஒரு இரும்புத் துண்டு எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது, இரண்டு பாகம், ஒன்றுக்குள் ஒன்று போட்டு வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்று தெரியாது. அப்படி வேலை தெரிந்த பையன் எட்டு மாதமாக அரத்தையே தொடவில்லை. "யக்கா, வெர்னியர் பாக்கவே மறந்துரும் போலிருக்கு" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், எனக்கு அன்றைக்கு என்னவோ போலாகிவிட்டது.

ரயில்வேயில் லெவல் 1 என்கிற கடைநிலை வேலைக்கு, ரயில்வேயிலேயே சட்டப்படி அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு நேரடித் தேர்வில் 20 சதவீத இடம் உண்டு. வெளிக் கம்பெனியில் முடித்தாலும் அது கிடைக்கும் என்று தப்பாக நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவனோடு படித்த பையன் ஒருத்தன் "உன் காண்ட்ராக்ட் எண் என்னலே?" என்று கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தை அரசு இணையதளத்தில் பதிந்தால் கிடைக்கிற எண் அது. ஜங்ஷனில் ஒரு பிரௌசிங் சென்டரில் போய் அந்த அரசு போர்ட்டலைத் திறந்து பார்த்தால், இவன் பெயரில் காண்ட்ராக்ட் என்று எதுவுமே இல்லை. சேரும்போது கையெழுத்து வாங்கிய ஆங்கிலத் தாளைப் படிக்கச் சொன்னேன், அது சாதாரண காண்ட்ராக்ட் கூலியாள் தாள், அப்ரண்டிஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. கம்பெனியில் கேட்டால் ஏஜென்டைக் கேளுங்கள் என்கிறார்கள். ஏஜென்டோ இன்னும் நாலு மாசம் இருந்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றார், அப்புறம் போனே எடுக்கவில்லை.

பாஸ்புக்கை அப்போதே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து அரசின் பங்கு நேராகப் பழகுநர் வங்கிக் கணக்குக்கே வருகிறது, இவன் பாஸ்புக்கில் எட்டு மாதமும் அப்படி ஒரு வரி கிடையாது. கம்பெனி தந்ததும் கையில் 6,200 ரூபாய்தான். 2019-ல் விதியைத் திருத்தியபோதே ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது 7,000 என்று வைத்துவிட்டார்கள். ஓவர்டைம் வேலைகூட, அரசின் பழகுநர் ஆலோசகர் என்ற அதிகாரியின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஆகவே யார் வந்து என்ன சொன்னாலும், போர்ட்டலில் பிள்ளையின் பெயர், தொழில் பிரிவு, கம்பெனி பெயர், காண்ட்ராக்ட் எண் நாலையும் உங்கள் கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள். பிட்டர் என்றால் பிட்டர் என்றே அதில் இருக்க வேண்டும். பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பேட்டை அரசு ஐடிஐ-க்குப் போய்க் கேளுங்கள், நாங்கள் காலம் கடந்து போனோம், ஆனாலும் பொறுமையாக விளக்கினார்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். 3,500 திரும்பி வருமோ வராதோ, அந்த எட்டு மாதம் எந்தக் கணக்கிலும் சேராது, தம்பி முதலிலிருந்து ஒரு வருஷம் பழக வேண்டும். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போய் மனு கொடுக்கலாம். போன வாரம் மானூர் பஸ் ஸ்டாப் சுவரில் அதே மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, போன் நம்பர் மட்டும் வேறு.